பத்தொம்பது மணி இருபது நிமிஷம்

பதிமூவாயிரத்து முன்னூத்தி எம்பது கிலோமீட்டர் சார். சென்னையில இருந்து டொராண்டோ, நேர்கோட்டுல அளந்தா. எறங்கி, ஏறி, நடுவுல உக்காந்து எந்திரிக்கிறதெல்லாம் சேர்த்தா ஒரு முழு நாள் ஓடிரும்.

தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒட்டுக் கேக்கல. ‘மாப்பிள்ளை டொராண்டோவாம், எவ்வளவு தூரம்னே தெரியலைப்பா’ன்னு பக்கத்து சீட்டுல நீங்க போன்ல சத்தமாப் பேசுறப்ப, காதைக் கழட்டி மடியிலயா வச்சுக்க முடியும்? கேட்ட கேள்விக்குப் பதில் தெரிஞ்சா சொல்லிர்றது என் வழக்கம். முப்பத்தோரு வருஷப் பழக்கம் அது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவன் சார் நானு. குருநாதன்னு பேரு. பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, டைம்கீப்பர்னா டீக்கடையில இருந்து டெப்போ வரைக்கும் தெரியும். வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சு, எத்தனை மணிக்கு வெளிய போகணும், நோட்டுல குறிச்சு, விசிலடிச்சு அனுப்புறது. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போறதுக்கு வண்டிக்கு ஒரு நேரம் குடுப்போம், அதுக்கு ரன்னிங் டைம்னு பேரு. இப்ப நாம போற இந்தத் திருச்சி வண்டிக்கு ரெண்டு மணி இருபது நிமிஷம். எட்டு நாப்பதுக்கு எடுத்தான், பதினோரு மணிக்கு உள்ள நிக்கணும். அய்யலூர்ல மூணு நிமிஷம் லேட்டு, கவனிச்சீங்களா? அந்தம்மா கூடையை ஏத்துனதுல. பரவால்ல, வையம்பட்டி தாண்டிப் பிடிச்சிருவான்.

நான் எங்க போறேனா? ஏர்போர்ட்டுக்கு. என் பொண்ணு இன்னிக்கு நியூசிலாந்து போகுது. ஆக்லாந்துன்னு ஊரு. பன்னெண்டு பத்துக்குப் பிளேன். அது கிளம்புறதுக்குள்ள ஒரு தடவை மொகத்தப் பாத்துறணும். பேசி எட்டு மாசமாச்சு சார். ஒரே பொண்ணு.

அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். உங்களுக்கும் ஒரே பொண்ணா? அப்ப வேண்டாம். பையன் தங்கமா இருப்பான், நான் அதச் சொல்லல. தூரம். தூரம்கிறது பொல்லாதது. பொண்ணை எப்பவும் போன் வந்தா ஓடிப்போய் நிக்கிற தூரத்துல குடுக்கணும். நான் அப்படித்தான் குடுத்தேன். அரவக்குறிச்சி. நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்.

சிரிக்காதீங்க. நீங்க கேக்க வர்றது எனக்குத் தெரியுது. அரவக்குறிச்சியில குடுத்த பொண்ணு ஆக்லாந்து எதுக்குப் போகுதுன்னு கேப்பீங்க. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். வண்டி போற வழியிலதானே போகணும்.

இந்துமதின்னு பேரு. நர்சிங் படிச்ச பொண்ணு. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திரும்கிற மாதிரி இருக்கும், அவ்வளவு பேச்சுக் கம்மி. ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு வரன் பாக்குறப்ப, முதல்ல வந்ததே ஆக்லாந்துதான் சார். என் தம்பி சௌந்தரபாண்டி கொண்டாந்தான். ‘அண்ணே, நல்ல பையன், கெட்ட பழக்கம் ஒண்ணு கிடையாது, இந்துவை ராணி மாதிரி வச்சுக்குவான்’னான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? டிரிப் ஷீட் போட்டேன்.

ஆமா சார். எல்லாரும் ஜாதகம் பாப்பாங்க, நான் ஜாதகத்தோட டிரிப் ஷீட்டும் போட்டேன். ஒரு நோட்டுல கட்டம் கட்டி, வரன் பேரு, ஊரு, தூரம், ரன்னிங் டைம், முதல் வண்டி, கடைசி வண்டி. நத்தத்துல ஒரு வாத்தியாரு, ஒரு மணி நேரம். பழநியில ஒருத்தன், ஒண்ணரை மணி. அரவக்குறிச்சியில லோகநாதன், முருங்கைக்காய் மண்டி வச்சிருக்கிற குடும்பம், ஒரு மணி அஞ்சு நிமிஷம், கால் மணிக்கு ஒரு வண்டி. ஆக்லாந்துக்கு? தம்பி போன்லயே தட்டிப் பாத்துச் சொன்னான். திருச்சியில இருந்து பதினோராயிரத்து இருநூத்தி அறுபது கிலோமீட்டர். சிங்கப்பூர்ல எறங்கி மாறணும். அப்படிப் போனா நூத்திமுப்பது கிலோமீட்டர் கூட. மொத்தமா, காத்திருக்கிறதும் சேர்த்து, பத்தொம்பது மணி இருபது நிமிஷம். முதல் வண்டி, கடைசி வண்டி கட்டத்துல என்ன எழுதுறதுன்னே தெரியல. கோடு போட்டு விட்டுட்டேன்.

‘ஏன்டா, அவசரம்னு ஒரு போன் வந்தா நான் எப்படிடா போய்ச் சேருவேன்?’னு தம்பியக் கேட்டேன். ‘அரவக்குறிச்சின்னா போனைக் கீழ வச்சிட்டுச் செருப்பை மாட்டுனா, ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல அவ வாசல்ல நிப்பேன். உன் ஆக்லாந்துக்கு?’ அவன் போனைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டான். கணக்கு முன்னாடி வாய் எதுக்கு?

இந்து அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ‘பிளேன்ல போனா நல்லாருக்கும்லப்பா’ன்னா. சின்னப் புள்ளைத்தனமா. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் அதப் பத்தி அவ பேசவேயில்ல. அவளுக்கும் புரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

தம்பிக்கு ஒரு பொண்ணு, ரேணுகான்னு. இந்துவை விட ஒரு வயசு சின்னவ. அந்த ஆக்லாந்துப் பையனுக்கு அவன் தன் பொண்ணையே குடுத்தான். நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. ‘இனிமே உன் பொண்ணை நீ போன்லதான்டா பாப்பே’ன்னேன்.

அதுல ஒரு சின்ன விஷயம் மட்டும் கணக்குக்கு வெளிய போயிருச்சு சார், ஒத்துக்கிறேன். ரேணுகா வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்துருவா. பதினஞ்சு நாளு, இருபது நாளு இருப்பா. இந்து, அரவக்குறிச்சியில இருந்து, ஆறு வருஷத்துல நாலு தடவை வந்தா. மண்டி வேலைன்னு மாப்பிள்ளை விடமாட்டாரு. ரூட்டுல குறையே கிடையாது, கால் மணிக்கு ஒரு வண்டி, சும்மா காத்தாட ஓடுது. வண்டியில ஏறினாத்தானே. அதுக்கு டைம்கீப்பர் என்ன செய்ய முடியும்?

ஆனா ஒண்ணு, வரலையே ஒழிய, பக்கத்துல இருக்காங்கிற நெனைப்பு இருக்குல்ல? அதுவே ஒரு தெம்பு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன், கரூர் வண்டி கிளம்பும். இன்னும் ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல இது என் பொண்ணு ஊரைத் தொடும்னு நெனைச்சுக்குவேன். எனக்கு அவள்னா உசுரு சார். அதச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

வையம்பட்டி வந்துருச்சு. பாருங்க, லேட்டுல ஒரு நிமிஷம் பிடிச்சுட்டான்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அஞ்சே முக்கால். இந்து போன் பண்ணுனா. ‘அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே வாங்கப்பா.’ என்னம்மா விஷயம்னேன். ‘வந்தா சொல்றேன்’னா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அழுகையும் இல்ல, எப்படிச் சொல்றது, ரொம்பத் தூரத்துல இருந்து பேசுற மாதிரி. நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு அப்படி ஒரு குரல் வரக்கூடாது.

உடனே எந்திரிச்சேன். சட்டையை மாட்டுனேன். ஆறு பத்துக்கு ஒரு கரூர் வண்டி. அதை விட்டா ஆறு இருபத்தஞ்சு. பை எடுத்து, கண்ணாடி எடுத்து, கிளம்புறப்பத்தான் சார் காலண்டர் கண்ணுல பட்டுச்சு. செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம்.

உங்க வீட்டுல சூலம் பாப்பாங்களா? பாக்கணும் சார். இந்த மாதிரி நாள்ல இந்தத் திசையில பயணம் போகக்கூடாதுன்னு தினசரி காலண்டர்லயே போட்டிருப்பான். செவ்வாய், புதன் வடக்கே. வியாழன் தெற்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. திங்கள், சனி கிழக்கே. அரவக்குறிச்சி எங்களுக்கு நேர் வடக்கே. இவ்வளவு முக்கியமான காரியத்துக்கு, பொண்ணைக் கூட்டிட்டு வர்ற காரியத்துக்கு, சூலத்துக்கு எதிர்லயா போவாங்க?

என் வீட்டுக்காரி காமாட்சி இருக்காளே, அவ கேட்டா பாருங்க ஒரு கேள்வி. ‘முப்பத்தோரு வருஷமா செவ்வாக்கிழமை வடக்க வண்டி அனுப்புனீங்களே, அப்ப எங்க போச்சு சூலம்?’ அது டூட்டிடி, இது குடும்பம்னேன். விடல அவ. சூலத்துக்குப் பரிகாரமும் காலண்டர்லயே போட்டிருக்கு. வடக்கே சூலத்துக்குப் பால். ஒரு தம்ளர் பாலைச் சூடு பண்ணி, ஆத்தி, கொண்டாந்து நீட்டுனா. ‘இதக் குடிச்சிட்டுக் கிளம்புங்க’ன்னா. எனக்குப் பால் ஒத்துக்காது சார். வயிறு உப்பிக்கும். பஸ்ல ஒரு மணி நேரம் உக்காரணும். வேண்டாம்னேன். ஆடை கட்டுற வரைக்கும் தம்ளரைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னா.

‘அப்ப நான் போறேன்’னா. ஆம்பளை நான் இருக்கப்ப நீ தனியாப் போய் சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னா என்ன மரியாதைன்னு அடக்கிட்டேன்.

உண்மையைச் சொல்றேன். அந்த ஆறு பத்து வண்டியப் பாக்கப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நின்னேன். வண்டி கிளம்புச்சு. அப்ப டீக்கடைக்காரன் கேட்டான், ‘என்ன டைம்கீப்பர், பை தூக்கிட்டு? பொண்ணு வீட்டுக்கா?’ சும்மாதான்னேன். யோசிச்சுப் பாருங்க. போகும்போதே இப்படிக் கேக்குறான். வரும்போது பெட்டியோட அவளைக் கூட்டிட்டு எறங்கினா? டிரைவர், கண்டக்டர், பூக்காரி, வாழைப்பழக்காரன் அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். ஒரு நாள் தெரிஞ்சா மறுநாள் டெப்போ முழுக்கத் தெரியும். ‘டைம்கீப்பர் பொண்ணு வாழாம வந்துருச்சாம்.’ ஆனா நான் போகாததுக்கு அது காரணமில்ல. சூலம்தான் காரணம்.

அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ‘வடக்க சூலம்மா. நாளைக்கும் சூலம்தான். கொஞ்சம் அனுசரிச்சு இரு, வியாழக்கிழமை பாப்போம்.’ ‘சரிப்பா’ன்னு வச்சிட்டா. எதுத்து ஒரு வார்த்தை பேசல. அப்படி வளர்ந்த பொண்ணு.

புதன்கிழமையும் வடக்கே சூலம். வியாழக்கிழமை? வடக்கே போறதுக்குத் தடையில்ல. ஆனா அன்னிக்குத் தெற்கே சூலம். நான் போறது வடக்கேன்னாலும், அவளைக் கூட்டிட்டுத் திரும்புறது தெற்கேதானே? காமாட்சிக்கு இது கடைசி வரைக்கும் புரியல. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டு மருமகளைக் கூட்டிட்டுக் கிளம்புனா அந்த வீட்டு லட்சுமியையே கூட்டிட்டுப் போறதா ஆயிரும். சம்பந்தி என்ன நெனைப்பாரு? ஆகச் சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில ஆறு பத்து. எல்லாம் சுத்தம். திசை சுத்தம், நேரம் சுத்தம். ஏழே காலுக்கு அரவக்குறிச்சியில எறங்கிட்டேன். ஒரு நிமிஷம் லேட்டில்ல.

அவ இல்ல சார்.

மண்டி வாசல்ல மாப்பிள்ளை நின்னாரு. ‘வியாழக்கிழமையே உங்க தம்பி மக வந்து கூட்டிட்டுப் போயிருச்சே. உங்களுக்குத் தெரியாதா?’ன்னாரு. எந்தத் தம்பி மக? எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு ஒரே மக. தம்பியும் அவன் சம்சாரமும் பேரனைப் பாக்கப் போய் அந்தச் சமயம் ஆக்லாந்துலதான் இருந்தாங்க. ரேணுகாவும் ஆக்லாந்துலதானே இருக்கா?

நடந்தது என்னன்னா, புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு இந்து ரேணுகாவுக்குப் போன் பண்ணியிருக்கா. அங்க அப்ப மத்தியானம். இவ என்ன சொன்னாளோ, அவ என்ன கேட்டாளோ. அன்னிக்குச் சாயங்காலம் நம்ம நேரத்துக்கு நாலு இருபதுக்கு ரேணுகா பிளேன் ஏறியிருக்கா. சிங்கப்பூர்ல மாறி, வியாழக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்குத் திருச்சி. கணக்குப் பாருங்க. பத்தொம்பது மணி இருபது நிமிஷம். நான் ஏழு வருஷத்துக்கு முன்னாடி டிரிப் ஷீட்டுல எழுதுன அதே நேரம், நிமிஷம் பிசகல. அதுல எனக்கு ஒரு சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. அங்க இருந்து கார் பிடிச்சு ரெண்டேகாலுக்கெல்லாம் இந்து வாசல்ல நின்னுட்டா. பதினோராயிரத்து இருநூத்தி அறுபது கிலோமீட்டர். ஆக்லாந்துல இருந்து பாத்தா திருச்சி வடமேற்கு. அந்தப் பொண்ணு என்ன சூலம் பாத்துச்சோ, என்ன சாப்பிட்டுட்டுக் கிளம்புச்சோ.

மாப்பிள்ளை வீட்டுல காபி குடுத்தாங்க. குடிச்சிட்டுத்தான் வந்தேன். குடிக்காம வந்தா மரியாதையா இருக்காது.

இந்துவுக்கு இடது கை முறிஞ்சிருந்துச்சாம். மண்டியில வழுக்கி விழுந்துட்டான்னு மாப்பிள்ளை சொன்னாரு. அப்படி இல்லைங்கிறா காமாட்சி. அந்தக் கையோடதான் அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணுனாங்கிறா. இருக்கலாம். போன்ல கை தெரியுமா சார்?

மணப்பாறை. பத்து நிமிஷம் நிப்பான். ஒரு டீ சாப்பிடுறீங்களா? வேண்டாமா. சரி, எறங்கி ஏறுறதுக்குள்ள எடுத்தாலும் எடுத்துருவான்.

அதுக்கப்புறம் இந்து என் வீட்டுக்கு வரல. தம்பி வீட்டுச் சாவி ரேணுகாகிட்ட இருந்துச்சு, அங்கயே தங்கிட்டா. தம்பியும் திரும்பி வந்துட்டான். அதே திண்டுக்கல்தான் சார், எங்க வீட்டுல இருந்து நாலு தெரு. எழுநூறு மீட்டர். நடந்தா ஒன்பது நிமிஷம், நான் அளந்திருக்கேன். காமாட்சி தினமும் போவா, வருவா. நான் போகல. அப்பன் நானா அவளா? அவதான் வரணும். வந்து, ‘ஏம்பா வரல?’ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். அந்த நாலு நாள் கணக்கையும் எடுத்து வச்சு விளக்கிச் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. ஒரு தடவை அந்தத் தெரு முனை வரைக்கும் போனேன். மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா, ஒத்தக் கையால. திரும்பி வந்துட்டேன்.

ஆக்லாந்து திரும்பிப் போன ரேணுகா, இப்ப அங்க இந்துவுக்கு ஒரு படிப்புக்கு ஏற்பாடு பண்ணியிருக்கா. வயசானவங்களைப் பாத்துக்கிற படிப்பாம். முடிச்சா வேலை. நல்ல வேலைதான். இந்துவுக்கு வயசானவங்கன்னா ரொம்பப் பாசம்.

நேத்துச் சாயங்காலம் காமாட்சி தம்பி வீட்டுக்குப் போயிட்டா. காலையில எல்லாரும் கார்ல ஏர்போர்ட்டுக்கு. எனக்கும் ஒரு சீட்டு இருக்குன்னாங்க. தம்பி கார்ல அண்ணன் பின்சீட்டுல உக்காந்து போறதா? நான் பஸ்ல வந்துக்கிறேன்னுட்டேன். வாசல்ல நின்னு காமாட்சி என்னமோ சொன்னா, அடுப்படி மேடையில என்னமோ இருக்குன்னு. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டேன். எனக்கும் ரோஷம் இருக்குல்ல?

ஆனா மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன் சார். இந்தத் தடவை எதுவும் குறுக்க வரக்கூடாது. திங்கக்கிழமை. கிழக்கே சூலம். திருச்சி நமக்குக் கிழக்கே. சரி, பரிகாரம் என்ன? தயிர். அன்னிக்குப் பால் குடிக்காம விட்டேன்ல, இன்னிக்குத் தயிரை விடப்போறதில்லன்னு உறுதியா இருந்தேன். ஏழு பத்து வண்டிக்குத்தான் கிளம்புனேன். கடையில பாக்கெட் தயிர் இருந்துச்சு. பாக்கெட்டுத் தயிர் எந்த ஊரு, எந்த நாளுன்னு யாருக்குத் தெரியும்? பரிகாரத்துக்கு வீட்டுல உறை ஊத்துன தயிரா இருந்தா நல்லது. பேகம்பூர் பக்கம் நம்ம பழைய கண்டக்டர் இருளப்பன் மாடு வச்சிருக்கான். அங்க நடந்து போனேன். ஒரு கிண்ணம் கட்டித் தயிர் குடுத்தான். உக்காருங்கண்ணேன்னான். உக்காந்தா பழைய பேச்சு வராதா? ஏழு பத்து போயிருச்சு. ஏழு அம்பதும் போயிருச்சு. பரவால்ல, எட்டு நாப்பது இருக்கே.

கணக்கு சரியாத்தான் இருக்கு. பதினொண்ணுக்கு பஸ் ஸ்டாண்டு. டவுன் பஸ் முப்பத்தஞ்சு நிமிஷம், காத்திருக்கிறது பத்து நிமிஷம். பதினொண்ணே முக்காலுக்கு ஏர்போர்ட்டுல நிப்பேன். பஸ்சுன்னா அஞ்சு நிமிஷம் முன்னாடி போனாப் போதும். பிளேனாச்சேன்னு இருபது நிமிஷம் கூடவே வச்சிருக்கேன்.

என்ன சார்? மூணு மணி நேரத்துக்கு முன்னாடியா? இல்ல இல்ல, அது சும்மா பயமுறுத்துறதுக்குச் சொல்றது. சீட்டு ரிசர்வ் பண்ணிட்டா அப்புறம் என்ன, எப்ப ஏறினா என்ன? நம்மள மாதிரி வழியனுப்ப வர்றவங்களை உள்ள விடமாட்டாங்களா? கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிக்கணுமா? கண்ணாடிதானே, தெரியும்ல?

தெரியாதா?

நீங்க எப்பப் போனீங்க? போன வருஷமா. இப்ப மாத்தியிருப்பான். முப்பத்தோரு வருஷம் நேரத்தோட குடும்பம் நடத்துனவன் சார் நானு. கிளம்புற நேரம்னா கிளம்புற நேரம். அதுக்கு முன்னாடி ஒரு நேரம் இருக்குன்னு சொன்னா, எதுக்கு இந்த நேரத்தைப் போடணும்? அதையே போட வேண்டியதுதானே?

டிரைவர் ஏன் இப்படி உருட்டுறான்? ரோடு காலியாத்தானே கிடக்கு.

இருங்க, போன் அடிக்குது. காமாட்சிதான்.

ஆங், சொல்லு. வந்துக்கிட்டே இருக்கேன், திருச்சி எல்லையைத் தொட்டாச்சு. எங்க நிக்கிறீங்க? எப்ப? ஒன்பதரைக்கு வந்தீங்க, சரி. பத்தரை வரைக்கும் வெளியவே நின்னாளா? எதுக்கு? ம். ம். அப்புறம்? நான் என்னடி பண்ணட்டும், தயிர் வாங்கப் போனேன். கிழக்க சூலம்டி. ஆமா, இருளப்பன் வீட்டுல. என்னது? எங்க? நம்ம வீட்டு மேடையிலயா? யாரு? எப்ப வந்தா? ம். நான் ஸ்டாண்டுல இருந்தப்பவா. சரி. சரி. அவ புது நம்பரா? வேண்டாம். பஸ் சத்தத்துல என்னத்தப் பேசுறது. வேண்டாம்னா விடேன். அவ போய்ச் சேரட்டும். வை.

உள்ள போயிட்டாளாம் சார். பத்தரை மணிக்கு. அதுக்கு மேல வெளிய நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். அதுவரைக்கும், வர்ற ஆட்டோ, டவுன் பஸ் ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டே நின்னாளாம்.

இன்னொண்ணும் சொன்னா. நேத்துச் சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தப்ப இந்து நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. எட்டு மாசத்துக்கு அப்புறம். பால் காய்ச்சி, ஆற வச்சு, ஒரு கிண்ணத்துல உறை ஊத்தி, மேடை மேல மூடி வச்சுட்டுப் போயிருக்கா. ‘நாளைக்குக் கிழக்க சூலம்மா, அப்பா தயிர் சாப்பிடாமக் கிளம்பமாட்டாரு, முதல் வண்டிக்கே வரட்டும்’னாளாம். அதத்தான் காமாட்சி வாசல்ல நின்னு சொல்லியிருக்கா.

அடுப்படிப் பக்கம் நான் போகவேயில்ல சார். தயிர் தேடிப் பேகம்பூர் வரைக்கும் போனேன்.

உங்க போனா? இல்ல சார், வேண்டாம். நம்பர் வாங்கிப் பேசலாம்தான். பேசுனா என்ன சொல்றது? பன்னெண்டு பத்துக்குக் கிளம்புறா. பத்தொம்பது மணி இருபது நிமிஷம். நாளைக்குக் காலையில நம்ம நேரத்துக்கு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்துருவா. சேர்ந்ததும் பேசிக்கலாம். இல்ல, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பாப்போம்.

இந்தா, ஸ்டாண்டு வந்துருச்சு. மணி பதினொண்ணு. பாத்தீங்களா, வண்டி கரெக்டா வந்துருச்சு. இவன் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

நீங்க எறங்குங்க சார், உங்களுக்கு நேரமாகும். எனக்கு அவசரமில்ல. இதே வண்டிதான் பதினொண்ணு இருபதுக்குத் திண்டுக்கல்லுக்குத் திரும்புது. திண்டுக்கல் இங்க இருந்து மேற்கே. திங்கக்கிழமை மேற்கே சூலம் கிடையாது. வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு எந்தப் பரிகாரமும் வேண்டியதில்ல சார். அப்படியே உக்காந்துக்கிட்டாப் போதும்.